சீட்டி அடிப்பது யார்?

வண்டி வைத்தியம்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பாளையங்கோட்டை மெக்கானிக்கின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். கார் ஓடும்போது எங்கிருந்தோ விசில் அடிக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த விசிலை மட்டும் கவனிக்கிறேன்.

ஷெட்டில் எனக்கு ஆகாத வியாதி இதுதான். கிளட்ச் தேய்ந்தால் கழற்றிக் கையில் கொடுத்துவிடலாம். ஆயில் ஒழுகினால் தரையில் தெரியும். விசில் அப்படியில்லை. என் வாசலில் வண்டியை நிறுத்திய நிமிடமே வாயை மூடிக்கொள்ளும். 'இவ்வளவு நேரம் அடிச்சுதே அண்ணாச்சி' என்று வண்டிக்காரர் திருதிருவென்று விழிப்பார். ஆகவே இதற்குப் பாதி வைத்தியத்தை ஓட்டுகிறவர்தான் பார்த்தாக வேண்டும்.

சத்தம் எப்போது வருகிறது என்று எல்லோரும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். எப்போது நிற்கிறது என்று எழுதியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். எனக்கு அதுதான் வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே நின்றால் ஒரு இடம். காலை எடுத்தும் நிற்காமல், வண்டி வேகம் தணிந்த பிறகு நின்றால் வேறு இடம். பிரேக்கைத் தொட்டதும் நின்றால் இன்னொன்று. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கியதும் நின்றால், அப்பாடா, பாதிக் கஷ்டம் தீர்ந்தது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

நாகர்கோவில் வாசகர்: அண்ணாச்சி, வேலை நிமித்தம் வாரம் ஒருமுறை திருநெல்வேலிக்குக் காரில் போய்வருகிறேன். மனைவியும் கூட வருவாள். இரண்டு மாதமாக, ஆரல்வாய்மொழி தாண்டி வேகம் எடுத்ததும் விசில் தொடங்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், போகும்போது என் காதுப் பக்கம் அடிக்கிறது, திரும்பி வரும்போது மனைவி காதுப் பக்கம் அடிக்கிறது. ஊருக்குள் ஓட்டினால் சத்தமே இல்லை. ஓர் ஒர்க்‌ஷாப்பில் நான்கு கதவின் ஓரத்தையும் சுற்றி வரும் ரப்பர் பீடிங்கை மாற்ற வேண்டும் என்று 9,000 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். சத்தம் பக்கம் மாறுகிறது என்று எழுதினீர்களே, அந்த வரியிலேயே பதில் இருக்கிறது. அந்த ஒர்க்‌ஷாப்பில் அதைச் சொன்னீர்களா, சொல்லியும் அவர்கள் காதில் வாங்கவில்லையா என்று தெரியவில்லை.

முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டேதானே போகிறீர்கள்? ஆனி, ஆடியில் அந்தக் காற்று மேற்கே இருந்து கணவாய் வழியாக இறங்கி வரும். காவல்கிணறு தாண்டி வள்ளியூர், நாங்குநேரி என்று நீங்கள் வடக்கே போகும்போது அது வண்டியின் இடது பக்கம் அடிக்கும். அப்படியானால் சத்தம் இடது பக்கம்தானே கேட்க வேண்டும்? அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். எங்கள் ஊர் சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று, தாமிரபரணியில் தண்ணீர் போகும் நாளில் கீழே பாருங்கள். தண்ணீர் வந்து மோதுகிற பக்கம் தூணில் பெரிய கலாட்டா இருக்காது. தூணைத் தாண்டிய பக்கம்தான் சுழி சுழியாகப் போகும். 1843-ல் திறந்த பாலம். அன்றிலிருந்து அந்தத் தூண்கள் இதே பாடத்தை நடத்திக்கொண்டிருக்கின்றன.

காரிலும் முன்கண்ணாடிக்கும் முன்கதவுக்கும் நடுவே ஒரு தூண் சாய்ந்து நிற்கிறது. பக்கக் காற்று அடித்தால் காற்று மோதும் பக்கத்தைவிட மறுபக்கத் தூணின் பின்னால்தான் பெரிய சுழி எழும். அந்தச் சுழிக்குள் அழுத்தம் குறைவு. அது கதவு ஓரத்தை வெளியே இழுக்கும், அங்கே தளர்ந்து கிடக்கிற எதையும் ஆட்டிவைக்கும். அதனால்தான் போகும்போது வலது பக்கம் இருக்கிற உங்களுக்கும், வரும்போது இடது பக்கம் இருக்கிற உங்கள் வீட்டம்மாவுக்கும் கச்சேரி.

ஒரு கதவின் பீடிங் கெட்டிருந்தால் சத்தம் அந்தக் கதவோடு நின்றிருக்கும். இப்படிப் பக்கம் மாறாது. ஆக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏதோ ஒன்று இருக்கிறது. அதுவும் இரண்டு மாதத்துக்கு முன் வந்த ஒன்று. கடிதத்தில் போன் நம்பர் இருந்ததால் கூப்பிட்டே கேட்டேன். 'மழை வருதேன்னு கதவு கண்ணாடிக்கு மேலே வைசர் ஒட்டினேன் அண்ணாச்சி' என்றார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

கதவுக்கு மேல் ஒட்டுகிற அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கின் முன்முனை, சரியாகச் சுழி எழும் இடத்தில் வந்து உட்காருகிறது. உள்ளே இருக்கும் இரட்டைப் பக்க டேப் முனையில் அரை அங்குலம் விட்டுவிட்டால் போதும், அது நாதஸ்வரச் சீவாளிதான். மெல்லிய தகடு, ஓரத்தில் காற்று, வேறென்ன வேண்டும்? எனக்கு இந்த வைசர்களைக் கண்டாலே ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழையில் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வைக்கும் பழக்கம், ஏசி இல்லாத வண்டிகளோடு போய்விட்டது.

அவரிடம் சொன்ன பரிசோதனையை எல்லோரும் செய்யலாம். பெயிண்ட் கடையில் கிடைக்கும் காகித மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி ஒட்டும் பழுப்பு டேப் வேண்டாம், பிசின் விடும், ரீபெயிண்ட் அடித்த வண்டியில் பெயிண்டையும் பிய்த்துக்கொண்டு வரும். சந்தேகப்படும் ஒரே ஓர் இடத்தை மட்டும் டேப்பால் மூடுங்கள், அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டுங்கள். எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் மூடிவிட்டால் சத்தம் நிற்கும், ஆனால் யார் அடித்தது என்று தெரியாமலே போய்விடும். நாகர்கோவில்காரர் வலது வைசரின் முன்முனையை மட்டும் மூடிக்கொண்டு வள்ளியூர் வரை வந்தார். சத்தம் இல்லை. திரும்பும்போது மூடாத இடது பக்கம் வழக்கம்போல அடித்ததாம். 9,000 ரூபாய் மிச்சம். வைசரைக் கழற்ற ஹேர் டிரையரால் சூடுகாட்டி, நைலான் நூலைப் பின்னால் விட்டு அறுத்து எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பெயிண்ட் போகும். கட்டாயம் வேண்டுமென்றால் பழைய பிசினைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புது டேப் போட்டு ஒட்டலாம்.

'ஊருக்குள் ஏன் அடிக்கவில்லை' என்றும் கேட்டிருந்தார். காற்றுச் சத்தத்தின் ஆற்றல், தோராயமாக வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 60-ல் போகும்போது இருப்பதைவிட 90-ல் 11 மடங்கு. காது அதை 11 மடங்காகக் கேட்காது, அது வேறு கதை. ஆனாலும் 60-ல் இல்லவே இல்லை என்று நினைத்த சத்தம் 90-ல் மண்டையைப் பிளப்பது இதனால்தான்.

விழுப்புரம் வாசகி: வணக்கம் ஐயா. லாரியிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டதால் மூன்று மாதம் முன்பு புதிதாக மாற்றினோம். அதிலிருந்து 70-க்கு மேல் போனால் மெல்லிய விசில். பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கினால் விசில் நின்றுவிடுகிறது. கண்ணாடி மாற்றிய கடையில் 'அது காற்று சத்தம்தான்மா, பழகிடும்' என்கிறார்கள்.

பதில்: எப்போது நிற்கிறது என்று எழுதிய இரண்டு மூன்று பேரில் நீங்கள் ஒருவர். நன்றி அம்மா.

கண்ணாடியை இறக்கினால் வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அதனால் விசில் நிற்கிறது என்றால், உள்ளிருந்து வெளியே போக ஒரு சந்து இருக்கிறது, காற்று அதன் வழியாகப் பீறிட்டு வெளியேறுகிறது என்று அர்த்தம். ஆன்டெனாவோ வைசரோ அடிக்கும் விசில் கண்ணாடியை இறக்கினாலும் நிற்காது. முன்கண்ணாடி மாற்றிய பிறகு வந்தது என்பதால் முதல் சந்தேகம் அதன் ஓரம்தான்.

வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். எல்லாக் கதவும் கண்ணாடியும் மூடியிருக்கட்டும். வெளிக்காற்று உள்ளே வரும்படி ஏசி பொத்தானை மாற்றி, ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே காற்று நிரம்பி வெளியேறப் பார்க்கும். இப்போது பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, முன்கண்ணாடியின் ஓரம் முழுக்க வெளியிலிருந்து தெளியுங்கள். எங்கே நுரை கொப்பளிக்கிறதோ அங்கே சந்து. மேல் மூலைகளை நிதானமாகப் பாருங்கள், பசை போடுகிறவரின் கை திரும்பும் இடம் அது. மழை பெய்த மறுநாள் டேஷ்போர்டுக்குக் கீழே கால்மிதி கார்ப்பெட்டைத் தொட்டும் பாருங்கள். ஈரமாக இருந்தால் சாட்சி இன்னும் பலம்.

நுரை வந்தால் கடைக்காரரிடம் அப்படியே காட்டுங்கள். 'மேலாக சிலிக்கான் பூசி விடுறேன்' என்பார். சம்மதிக்காதீர்கள். மேலே பூசினால் விசில் நிற்கலாம், ஆனால் உள்ளே மாட்டிய ஈரம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இந்தக் காலத்து வண்டியில் முன்கண்ணாடி வெறும் கண்ணாடி இல்லை. கறுப்புப் பசையால், கடையில் பி.யு. என்பார்கள், உடம்போடு ஒட்டப்பட்டுக் கூரைக்கும் பலம் கொடுக்கிறது. பல வண்டிகளில் பக்கத்து சீட்டின் ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில் முட்டித்தான் ஆளைப் பார்த்துத் திரும்புகிறது. பசை விட்ட கண்ணாடி அந்த நேரத்தில் தாங்காது. அதனால் கழற்றி, புதுப் பசை போட்டு, அது இறுகும் வரை அவர்கள் சொல்லும் நேரம் வண்டியை அசைக்காமல் ஒட்டித் தர வேண்டும். 'பழகிடும்' என்று சொல்ல இது செருப்புக் கடி இல்லை.

நுரை எங்கேயும் வராவிட்டால்? அப்போது கதவுகளைப் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவு ஓரத்தில் வைத்துக் கதவை மூடி, நோட்டை இழுங்கள். சற்றே இறுக்கமாக உருவிக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுந்தவில்லை. அதற்கும் உடனே பீடிங் மாற்ற ஓடாதீர்கள். பல நேரம் கதவு பூட்டு மாட்டும் கொக்கியை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி முறுக்கினாலே சரியாகும். தள்ளுவதற்கு முன் அது இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பீடிங் வறண்டிருந்தால் சிலிக்கான் ஸ்ப்ரே போதும். கிரீஸ், டீசல், என்ஜின் ஆயில் தடவி விடுகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

ராமேஸ்வரம் டாக்சி ஓட்டுநர்: அண்ணே, லக்கேஜுக்காக மேலே கேரியர் கம்பி போட்டேன். சாமான் இருந்தா சத்தம் இல்ல, காலியா வந்தா 'ஊஊ'ன்னு ஊளையிடுது. சவாரிக்காரங்க பயப்படுறாங்க.

பதில்: தம்பி, கம்பி மேல் கயிற்றைச் சுற்று. மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

உருண்டைக் கம்பியின் மேல் காற்று போகும்போது, பின்னால் மேலும் கீழும் மாறி மாறிச் சுழி கழன்று விழும். ஒழுங்காகத் தாளம் தப்பாமல் விழுவதால் அது ஒரு சுருதியாகிவிடுகிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில், ஓர் அங்குலக் கம்பிக்கு நொடிக்குச் சுமார் 200 தடவை. அதனால் உன் வண்டி ஊளையிடுகிறது. அதே வேகத்தில் 5 மில்லிமீட்டர் ஆன்டெனா கம்பியாக இருந்தால் நொடிக்குச் சுமார் 1,000 தடவை, அது சீட்டி அடிக்கும். கம்பி பருத்தால் குரல் கட்டை, மெலிந்தால் கீச்சு. கயிற்றைத் திருகுபோல இடைவெளி விட்டுச் சுற்றினால் சுழிகள் ஒரே நேரத்தில் கழல முடியாது, தாளம் கெட்டுவிடும், சத்தமும் போய்விடும். சில கார் ஆன்டெனாவில் சுருள் சுற்றியிருப்பதும், உயரமான இரும்புப் புகைபோக்கியின் உச்சியில் திருகுபோலத் தகடு சுற்றியிருப்பதும் இதற்காகத்தான். நைலான் கயிறு போதும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டு, பாதியில் அவிழ்ந்து பின்னால் வருகிறவன் கழுத்தில் மாட்டப் போகிறது. சீசன் இல்லாத மாதங்களில் கம்பியையே கழற்றி வை, டீசலும் மிச்சம்.

திண்டுக்கல் வாசகர்: என்னுடையது எட்டு வருட டீசல் கார். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது 'உஸ்ஸ்' கலந்த விசில். ஆக்சிலேட்டரை அழுத்தினால் வருகிறது, விட்டால் உடனே நிற்கிறது. பிக்கப் குறைந்துவிட்டது, கறுப்புப் புகையும் வருகிறது. டர்போ போய்விட்டது, 35,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: என் மேஜையில் ஒரு டர்போ இருக்கிறது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி அது. நீங்கள் எல்லோரும் எழுதும் கடிதங்கள் பறக்காமல் அவற்றின் மேல்தான் அதை வைத்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன், உங்களைப் போலவே மலை ஏறி இறங்கும் ஒருவரின் வண்டியிலிருந்து நான் கழற்றியது. இதே விசில், இதே புகை. 'டர்போதான்' என்று அடித்துச் சொல்லிப் புதிது போட்டேன். மறுநாள் அவரிடமிருந்து போன். விசில் அப்படியே இருக்கிறது. திரும்ப வரச்சொல்லிப் பார்த்தால், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நகம் அளவு கிழிந்திருந்தது. புது டர்போ காசை நானே ஏற்றுக்கொண்டேன். பழையதைத் தூக்கிப்போட மனமில்லை.

டர்போவின் உள்ளே இருக்கும் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். அதற்கென்று மெல்லிய ஒரு சீழ்க்கை எப்போதும் உண்டு, அது வியாதி இல்லை. நன்றாக அழுத்தி ஓட்டும்போது அது அனுப்பும் காற்று ஹோஸுக்குள் 15 பவுண்டு அளவில் முட்டிக்கொண்டு நிற்கும், உங்கள் டயர் காற்றில் ஏறக்குறைய பாதி. சிறு கீறல் கிடைத்தாலும் அந்த வழியாகச் சீறும். காலை எடுத்தால் அழுத்தம் உடனே இறங்கும், சீறலும் நிற்கும். உங்களுக்கு நடப்பது இதுதான். கறுப்புப் புகைக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். என்ஜின் உள்ளே இழுத்த காற்றை அளந்து அதற்கேற்ப டீசலைப் பீய்ச்சுகிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டால் டீசல் மிஞ்சிப் புகையாகிறது.

என்ஜின் ஆறிய பிறகு பானட்டைத் திறந்து டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து என்ஜின் வரை போகும் ஹோஸ் முழுக்கக் கையால் தடவுங்கள். இந்தக் காற்றில் எப்போதும் கொஞ்சம் ஆயில் ஆவி கலந்திருக்கும். கிழிந்த இடத்தில் அது வெளியே தெறித்து, தூசி ஒட்டி, பிசுபிசுவென்று கறுப்பாக இருக்கும். மலைவாழைப்பழத் தோல் கறுத்த மாதிரி ஒரு திட்டு தெரிந்தால் அந்த இடத்தை விரித்துப் பாருங்கள். வளைவுகளின் அடிப்பக்கத்தையும் கிளிப்புகளின் அடியையும் விடாதீர்கள். கையில் அகப்படாவிட்டால், ஹோஸின் வாயை அடைத்து லேசாகக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் வசதி உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

ஒன்று மட்டும் கவனம். விசில் போலீஸ் சைரன் மாதிரி ஏறிக்கொண்டே போகிறது, புகை நீலமாக வருகிறது, என்ஜின் ஆயில் குறைகிறது என்றால் அப்போது டர்போவையே சந்தேகப்படுங்கள், வண்டியை ஓட்டாதீர்கள். கழற்றும் மெக்கானிக் பக்கத்தில் நின்று டர்போ சக்கரத்தின் தண்டை விரலால் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் கையில் தெரிகிற மாதிரி ஆடினால் அது முடிந்தது. நான் அன்று இதைப் பார்க்காமல்தான் வாய்விட்டேன்.

ஈரோடு வாசகர்: முன்சக்கரப் பக்கம் கீச்சென்று மெல்லிய விசில். பிரேக்கை லேசாகத் தொட்டால் நின்றுவிடுகிறது. அதனால் லேசாகத் தொட்டபடியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: ஐயா, இன்றைக்கே பிரேக் பேடைப் பாருங்கள்! பல வண்டிகளில் பேடோடு ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிஞ்சும்போது அது டிஸ்க்கை உரசிக் கத்தும், மிதித்தால் அழுந்தி நின்றுவிடும். 'என்னை மாற்று' என்று கத்துவதற்கென்றே வைத்தது அது. நீங்கள் அதன் வாயைப் பொத்திக்கொண்டு, இருக்கிற கொஞ்ச நஞ்ச பேடையும் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். டிஸ்க்கின் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள், எவ்வளவு வரை தேயலாம் என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

தஞ்சாவூர் வாசகர்: பெட்ரோல் கார். சிக்னலில் நிற்கும்போதுதான் விசில், ஓடும்போது தெரியவில்லை. பெல்ட் மாற்றியும் போகவில்லை.

பதில்: பெல்ட்டில் கைவைக்கும் முன் ஆயில் அளக்கும் கம்பியைக் கொஞ்சம் உருவிப் பார்த்திருக்கலாம். வண்டி நின்றபடி என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது அந்தக் கம்பியை ஓர் அங்குலம் மேலே இழுங்கள். விசில் நின்றாலோ குரல் மாறினாலோ, என்ஜின் ஆவியை உள்ளே திருப்பி அனுப்பும் பி.சி.வி. வால்வின் ஜவ்வு கிழிந்திருக்கும். அந்தக் கிழிசல் வழியாகக் காற்றை உறிஞ்சும்போதுதான் விசில். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றப் போனால் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் ஓர் அடையாளம். சில வண்டியில் அந்த வால்வு தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் மேல்மூடியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கம்பியை இழுத்தும் மாற்றமில்லை என்றால் என்ஜினுக்குக் காற்று போகும் சின்ன ஹோஸ்களில் விரிசல் பாருங்கள்.

பெல்ட்டா இல்லையா என்று இனிமேல் சந்தேகம் வந்தால் ஓடும் பெல்ட்டின் பள்ளம் உள்ள பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் குறைந்து திரும்ப வந்தால் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி நேராக இல்லை. சத்தம் அதிகமானால் பெல்ட் தொய்வு. எந்த மாற்றமும் இல்லை என்றால் டைனமோ பேரிங்கையோ, பெல்ட் ஓடும் மற்ற புல்லிகளின் பேரிங்கையோ பாருங்கள். சட்டைக்கை, துண்டு, தாவணி எதுவும் அந்தப் பக்கம் தொங்கக் கூடாது. நான் சொன்னேன் என்று விரலையும் விடாதீர்கள்.

சென்னை வாசகர்: புதிய பேட்டரி கார். ஆக்சிலேட்டரை அழுத்தினால் கொசு பாடுவது போல மெல்லிய சத்தம்.

பதில்: மோட்டாரும், அதற்கு மின்சாரம் மாற்றித் தரும் பெட்டியும் போடும் சத்தம் அது. சாதாரணம். இத்தனை வருடம் என்ஜின் சத்தத்தில் மறைந்திருந்த டயர், காற்று எல்லாம் இனி கேட்கும். அதற்கும் கடிதம் போடாதீர்கள். சத்தம் நாளுக்கு நாள் கூடினாலோ, திருப்பத்தில் ஒரு பக்கம் மட்டும் உறுமினாலோ சக்கர பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மதுரை வாசகர்: என் வண்டியில் விசில் அடிப்பதாகப் பன்னிரண்டு வயது மகன் சொல்கிறான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு 54 வயது, 30 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். யார் சொல்வது சரி?

பதில்: பையன் சொல்வது. வயது ஏற ஏறக் கீச்சுக் குரல்தான் காதிலிருந்து முதலில் போகும். ஷெட்டில் டைனமோ பேரிங் சத்தத்தை இப்போது நான் தனியாக நம்புவதில்லை. ஸ்கூல் விட்டு வரும் பேத்தியை நிற்கவைத்து, 'இதுவா, அதுவா' என்று கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு ஒரு டெஸ்டுக்கு ஒரு கடலைமிட்டாய். மகனைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டி, கப்பலூர் பக்கம் நாலு வழிச் சாலையில் 80-ல் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். எந்தப் பக்கம், எப்போது நிற்கிறது என்று அவனையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள்.